பேர் சொல்லி ஊற்ற வேண்டிய தண்ணீர்

1.

இந்தக் கதை எனக்கு எப்படிக் கிடைத்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்தத் தோட்டத்துச் சரக்கு என்று சொல்லாமல் விற்பது எங்கள் வழக்கமில்லை. திண்டுக்கல் பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருக்கிறேன். போன வாரம் என் தங்கை சகாயராணி கடைக்கு வந்தாள். ஸ்டூலை இழுத்துப் போட்டும் உட்காராமல் நின்றபடியே சொன்னாள்:

"ஸ்கேன்ல பிள்ளைக்குத் தலை சரியா வளரலையாம்ணே. பொறந்தாலும் செத்த நேரந்தான் தங்குமாம். வேணாம்னா ரெண்டு வாரத்துக்குள்ள சொல்லணுமாம்."

கல்யாணமாகி நெடுநாள் கழித்து உண்டான பிள்ளை. அவள் புருசன் ஜெரோம் கலைத்துவிடலாம் என்கிறான். அவள் இன்னும் முடிவெடுக்கவில்லை.

2.

முதல் தொடக்கம்: "மல்லியை நாங்கள் மொட்டாகத்தான் வாங்குகிறோம். விரிந்த பூவுக்கு மார்க்கெட்டில் மதிப்பில்லை. அப்படியென்றால், கருவில் இருக்கும் உயிர்..."

[அடித்துவிட்டேன். அவளிடம் படித்துக் காட்டினேன். "ஏண்ணே, என் வயித்தையும் தராசுல வச்சுட்டியா?" என்றாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். அதைத்தான் தாங்க முடியவில்லை.]

இரண்டாவது தொடக்கம்: "தாய் அறியும் முன்பே கடவுள் அறிந்த உயிர் அது. குறையோ நிறையோ, தந்தவருக்கே அதை எடுக்கும் உரிமை."

இதை அடிக்கவில்லை. நம்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சட்டையில் மட்டுமல்ல, கடையில் லுங்கியோடு நிற்கும்போதும் நம்புகிறேன். ஆனால் இதை எழுதியவனுக்குக் கால் வீங்கவில்லை. "எத்தனாவது மாசம்?" என்று தெருவில் கேட்பவர்களுக்கு அவன் பதில் சொல்ல வேண்டியதில்லை. விலையை நான் சொல்லிவிட்டு, சுமையை அவள் தலையில் ஏற்றுகிற வியாபாரம் என்ன...

(முடிக்கத் தெரியவில்லை. அப்படியே கிடக்கட்டும்.)

3.

கதைக்கு ஒரு வில்லன் தேவைப்பட்டான். ஜெரோமைக் குறித்து வைத்திருந்தேன். மாதா கோயில் பாடகர் குழுவில் முதல் குரல் அவனுடையது. வீட்டில் கலைக்கச் சொல்கிறான். கச்சிதமான வேஷக்காரன். வாயைக் கிளற டீ வாங்கிக் கொடுத்தேன்.

"ஏன் மாப்ள, சாமிகிட்ட என்ன சொல்லப் போற?"

"மச்சான், பொறந்து மூச்சுக்குத் தவிக்கிறத அவ பாக்கணுமா? எனக்கு சாமியும் வேணும், அவளும் வேணும். உங்களுக்கென்ன, கத எழுதுவீங்க."

அவன் டீ ஆடை கட்டிப் போயிருந்தது. வில்லனுக்கு டீ இப்படி ஆறக் கூடாது. பாத்திரம் கெட்டுவிட்டது.

4.

கைவசம் உள்ள முடிவுகள்:

ஸ்கேன் தப்பு, பிள்ளை கொழுகொழுவென்று பிறக்கிறது. (பங்குக் கோயில் பத்திரிகையில் உடனே வாங்கிக்கொள்வார்கள். விற்க எனக்கே வெட்கமாக இருக்கிறது.)

இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள். திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரத்தை அவளுக்கு விடுகிறான் ஜெரோம். (இது சரியென்று எழுத வரவில்லை. அவர்களைத் தூற்றவும் வரவில்லை.)

மூன்றாவதை எழுத உட்கார்ந்தபோது ஜெரோமே கடைக்கு வந்துவிட்டான். கூடவே சகாயராணி. அவன் என் முகத்தைப் பார்க்காமல் செவ்வந்திக் கூடையிடம் கேட்டான்:

"பிள்ள பொறந்ததும், பங்குச் சாமியார் வந்து சேருறதுக்கு முன்னாடி, அவசரத்துக்கு நம்மளே ஞானஸ்நானம் குடுத்தா செல்லுமா மச்சான்?"

"யாரு ஊத்துனாலும் செல்லும் மாப்ள. உசுரு இருக்கணும், அம்புட்டுத்தான்."

"எனக்குக் கை நடுங்கும்."

"எங்கண்ணன் ஊத்தும்," என்றாள் சகாயராணி. "தெனமும் பூவுக்குத் தண்ணி தெளிக்கிற கைதான?"

மூவரும் சிரித்துவிட்டோம். என் வாய் சும்மா இருந்திருக்கலாம்.

"பேர் சொல்லி ஊத்தணும். என்ன பேரு?"

ஜெரோம் எழுந்து வெளியே போய்விட்டான். அழப் போனானா, மனம் மாறியா, மாறியது திரும்பவும் மாறியா, தெரியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவளும் பின்னால் போனாள்.

5.

மூன்றாவது முடிவு என் முன்னால் பாதியில் நிற்கிறது: "________, நான் உனக்கு ஞானஸ்நானம்..."

இந்தக் கதையில் நிறைய அடித்துவிட்டேன். அடித்தது தெரியவும் விட்டிருக்கிறேன். ஆனால் அந்தக் கோட்டின் மேல் ஒரு பேரை எழுதிவிட்டால் எனக்கு அடிக்கக் கை வராது. எழுதப் பயப்படுவதும் அதனால்தான். நான் அந்தப் பிள்ளைக்குத் தாய்மாமன். நீங்கள் வெளியாள். பேனாவைப் பிடியுங்கள், ஆணோ பெண்ணோ, ஒரு பேர் எழுதுங்கள்.

எழுதியபின் அடிக்க முடிகிறதா என்று பாருங்கள்.