சட்டைப் பையில் இருந்த அட்டை

பஞ்சர் கடைத் தாத்தாவுக்குப் படித்தவர்கள் மேல் எப்போதுமே நம்பிக்கை கிடையாது. பேத்தி குட்டிக்கு ஆறு வயசாகியும் பேச்சு வரவில்லை. ஏதாவது வேண்டுமென்றால் கடிப்பாள். பள்ளிக்கூடத்து உளவியல் டீச்சர் அவளுக்குப் படம் போட்ட அட்டைகளைப் பழக்க ஆரம்பித்தபோது, பிள்ளைக்குச் சீட்டு விளையாடச் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் நக்கலடித்தார்.

ஆனால் வேலை செய்தது. தண்ணீர் அட்டையை நீட்டினால் உடனே தண்ணீர். ஊஞ்சல் அட்டைக்கு ஊஞ்சல். கடித்தால் ஒன்றும் கிடையாது, அவ்வளவுதான் சங்கதி. கடி நின்றது. இனிக் கடித்தால் இங்கே இடமில்லை என்றிருந்த தலைமையாசிரியரும் அடங்கினார்.

கிழவருக்கும் ஆசை வந்துவிட்டது. குட்டியின் அம்மா, அதாவது வெளியூருக்கு வேலைக்குப் போன தன் மகளின் போட்டோவை வெட்டி, பஞ்சர் ஒட்டும் பசையால் ஓர் அட்டையில் ஒட்டினார். குட்டி அதை எடுத்து நீட்டினாள். நீட்டிக்கொண்டே இருந்தாள்.

"கேட்டது கிடைக்காத அட்டையை வைக்கக் கூடாதுங்கய்யா," என்றார் டீச்சர். "அப்புறம் எந்த அட்டையையும் நம்ப மாட்டா. ஒண்ணு அவங்களை வரச் சொல்லுங்க, இல்ல இதை எடுத்துடுங்க."

மகளுக்குப் போன் போட்டார். வேறு குடும்பமாகிவிட்டதாம். இப்படியொரு பிள்ளை இருப்பது அங்கே தெரியாதாம். இனிக் கூப்பிட வேண்டாமாம். ஏசத்தான் வாயெடுத்தார், அதற்குள் வைத்துவிட்டாள்.

அட்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். சாயங்காலம் கடையில், பழைய டயர்களுக்கு நடுவே, குட்டி மற்ற அட்டைகளோடு அது இருந்த இடத்தைத் தடவித் தடவிப் பார்த்தாள். பிறகு அவர் முன்கையைக் கவ்வினாள். பல் இறங்கியது. வலியைவிடப் பாவமாக இருந்தது அவருக்கு. எடுத்துக் கொடுத்தார். நெஞ்சில் வைத்துக்கொண்டு அப்படியே தூங்கிப்போனாள். மறுநாளும் அதேதான். முகத்தைத்தானே பார்க்கிறாள், யாருக்கு என்ன நட்டம்? டீச்சரிடம் மூச்சு விடவில்லை.

அந்த வாரமே வகுப்பில் பக்கத்துப் பிள்ளையின் தோளைக் கடித்தாள். கடித்துவிட்டு, அழுகிற பிள்ளையிடமே கையை நீட்டிக்கொண்டு நின்றாளாம். டீச்சருக்கு அது போதும்.

"வீட்டுல கடிச்சப்ப என்ன கொடுத்தீங்க?"

கிழவர் பைக்குள் கைவிட்டு அட்டையை எடுத்தார். ஓரமெல்லாம் கடை அழுக்கு. டீச்சர் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு நாலு கேட்டிருப்பார்.

"திரும்பப் பழக்கலாம்யா. ஆனா ஹெட்மாஸ்டர் இனி இவளை இங்க விட மாட்டேங்கிறார்."

திரும்புகிற வழியில் குட்டி நின்றாள். அவர் மணிக்கட்டைக் கடித்தாள். வெறியோடு இல்லை, மெல்ல, கேட்கிற மாதிரி. பிறகு உள்ளங்கையை விரித்தாள்.

எடுத்துக் கொடுத்தார்.