பத்திரிகை வைத்த வீடுகள்

எடை மெஷினில் ஏறி நின்ற வெள்ளியங்கிரியைப் பார்த்ததும் டயாலிசிஸ் நர்ஸ் கண்ணாத்தாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போன தடவையைவிட நாலு கிலோ கூடியிருந்தார்.

“ஒண்ணுக்கே போகாத ஒடம்புங்க இது! தண்ணிய அளந்து குடிக்கோணும்னு எத்தன தடவ சொல்றதுங்க?”

“மக கல்யாணத்துக்குப் பத்திரிகை வெக்கப் போனேன் அம்மிணி. ஊட்டுக்கு ஊடு சொம்புல தண்ணி குடுக்கறாங்க. வேண்டாம்னா மொகம் சுருங்கிப் போகுது.”

“அவிங்க மொகத்துக்காக நீங்க சாகோணுமா?”

திட்டிக்கொண்டே ஊசி குத்தினாள். திட்டிக்கொண்டே ரத்த அழுத்தம் பார்த்தாள். ஏறிய நீரையெல்லாம் மெஷின் சாயங்காலத்துக்குள் வடித்தெடுத்தது.

கட்டிலைவிட்டு இறங்கிய வெள்ளியங்கிரி, மஞ்சள் தடவிய பத்திரிகையை நீட்டினார். “நீயும் கட்டாயம் வரோணும் அம்மிணி.”

“வாரனுங்க” என்று இரு கையாலும் வாங்கி மேசைமேல் வைத்துவிட்டுத் திரும்பினாள்.

சற்றுப் பொறுத்துத்தான் கவனித்தாள். அவர் கையில் தண்ணீர் டம்ளர் இருந்தது. அவளே எடுத்துக் கொடுத்ததுதான்.

“இப்ப நான் என்ன பண்ணட்டும்?” என்றார் வெள்ளியங்கிரி.