இரண்டாம் வகுப்பின் கதவு

பள்ளிக்குள் துப்பாக்கிக்காரன் புகுந்தால் பிள்ளைகள் கதவைப் பூட்டி, சத்தமில்லாமல் ஒளிந்திருக்கப் பழகும் ஒத்திகை பதினொரு மணிக்குத் தொடங்கியது. அப்படிப் புகுந்தவனைப் போல நடந்து, ஒவ்வொரு வகுப்புக் கதவையும் பிடித்து உலுக்க வேண்டும். அதுதான் லானி ஹாஸ்கெட்டுக்குக் கொடுத்த வேலை. அமெரிக்காவில், நெப்ராஸ்காவின் அந்தச் சின்ன ஊர்ப் பள்ளியில் பதினொரு வருடமாகத் தரை துடைக்கிறவர் அவர். கூரையில் சிக்கிய பந்துக்கும் ஆடுகிற பல்லுக்கும் பிள்ளைகள் தேடி ஓடுவது அவரைத்தான். அவரைப் போய் வில்லனாக்கியிருக்கிறார்களே என்று காலையில் சமையலறைப் பெண்கள் கேலி செய்தார்கள். அவரும் சிரித்து வைத்தார்.

கடைசிக் கதவு இரண்டாம் வகுப்பு. தலைமையாசிரியை கோவார்ட் அவர் காதருகே வந்தாள்.

"இங்க டெல்லாவைப் பேர் சொல்லிக் கூப்பிடுங்க, லானி."

"மேடம், அவ எம்பொண்ணு."

"அதனாலதான். பக்கத்து ஊர் ஒத்திகையில தெரிஞ்ச குரல்னு ஒரு குழந்தை ஓடிவந்து திறந்துருச்சு. நெசமா இருந்திருந்தா? அவ எழுந்து வந்தாலும் டீச்சர் தடுக்க மாட்டாங்க, சொல்லியாச்சு."

டெல்லாவுக்கு ஏழு வயது. பல் தேய்க்கும்போதுகூட வாய் ஓயாது. அப்பா குரல் கேட்டால் பாதிச் சாப்பாட்டில் எழுந்து ஓடி வருவாள். லானி கைப்பிடியை உலுக்கினார்.

"டெல்லா, அப்பா வந்திருக்கேன்மா. திற."

திறந்துவிடாதே, திறந்துவிடாதே என்று மனசு அடித்துக்கொண்டது. உள்ளே இருபத்திரண்டு பிள்ளைகள். ஒரு நாற்காலிகூட அசையவில்லை. கோவார்ட் இன்னொரு முறை என்று சைகை காட்டினாள்.

"திறம்மா. அப்பாவுக்குப் பயமா இருக்கு."

அது நடிப்பில்லை. உள்ளே ஒரு இருமல்கூட இல்லை.

ஒத்திகை முடிந்ததும் அவரே சாவி போட்டுத் திறந்தார். இருட்டு மூலையில் எல்லோரும் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். நடுவில் டெல்லா, சட்டைக் கையை வாயில் திணித்தபடி. இரண்டு பையன்கள் ஆளுக்கொரு பக்கம் அவள் கையை இறுகப் பிடித்திருந்தார்கள். வகுப்பிலேயே சின்னவளான ஒருத்தி அவள் கால்கள்மேல் குறுக்கே படுத்திருந்தாள்.

"நான் ஒண்ணும் சொல்லலை லானி," என்றாள் டீச்சர், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அதுங்களாவே புடிச்சுக்கிட்டுதுங்க."

லானி தொப்பியைக் கழற்றினார். இவ்வளவு பெரிய காரியத்தை இவ்வளவு சின்னக் கைகள் செய்து அவர் பார்த்ததில்லை. பெருமையாக இருந்தது.

டெல்லா எழுந்து வந்தாள்.

"உங்க குரல்னு தெரிஞ்சுதுப்பா."

"ம்."

"நெசமாவே துப்பாக்கிக்காரன் உங்களைத் துரத்திட்டு வந்தாலும் திறக்கக் கூடாதுல்ல?"

லானி கோவார்டைப் பார்த்தார். அவள் கையிலிருந்த தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கூடாதும்மா. திறக்கவே கூடாது."

டெல்லா அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "அப்ப நீங்க எங்களைத் தேடி வராதீங்க. அந்தத் துடைப்பம் வைக்கிற ரூம்ல ஒளிஞ்சுக்கோங்க. சரியா?"

"சரி."

அவர் சட்டையிலேயே மூக்கைத் துடைத்துவிட்டு வரிசையில் தன் இடத்தில் போய் நின்றாள். இன்று பீட்சா; வழக்கமாகக் கூச்சலோடு ஓடுகிற நாள். வரிசை சாப்பாட்டுக் கூடத்துக்கு நகர்ந்தது. யாரும் சொல்லாமலே இருபத்திரண்டு பேரும் நுனிக்காலில், அவர் துடைத்த தரையில் சத்தமே எழாமல் நடந்து போனார்கள்.