ஒரு முதுகு வேண்டும்

பெரியக்கா தன் அறைத் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, இடது தொடையில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் கப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கைப்பம்பால் மூன்று இழுப்பு இழுத்ததில் சதை மேடாக எழும்பிச் சிவந்திருந்தது. ஐந்து நிமிடம் ஆனதும் கப்பை எடுத்துவிட்டு, பிளேடு முனையால் மெல்லக் கீறினாள். தோலின் மேலோடு ஓட வேண்டும், உள்ளே இறங்கிவிடக் கூடாது. மறுபடி கப்பை வைத்ததும் கீறல்களில் சொட்டுச் சொட்டாக ரத்தம் கட்டி, அடியில் தேங்கியது. கை சரியாகத்தான் இருந்தது. அதைச் சொல்லத்தான் அறையில் ஆள் இல்லை.

பழகிப் பழகி இரண்டு தொடையும் இரண்டு கெண்டைக்காலும் வட்ட வட்டத் தழும்பாகிவிட்டன. மிச்சம் முதுகுதான். அது அவளுக்கே எட்டாது.

சட்டைக் கம்பெனியை மூடிய பிறகு, தரை துடைக்கவும் துண்டு துவைக்கவும், கப் வைத்து ரத்தம் எடுக்கும் ஹிஜாமா நிலையத்தில் சேர்ந்தவள் அவள். எல்லோருக்கும் மூத்தவள் என்பதால் அங்கே பெரியக்கா. புருஷன் போய்ச் சேர்ந்து எட்டு வருடம். மகள் கடல் தாண்டி இருக்கிறாள். "நல்லா இருக்கியாம்மா?" என்று போனில் கேட்பாள். பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் அங்கே குழந்தை அழும்.

நிலையத்தை நடத்தும் டீச்சர் பெரியக்காவைவிடப் பத்து வயது சின்னவள். ஒரு நாள் அவளாகவே சொன்னாள்:

"பொம்பளைங்க பக்கத்துக்கு இன்னொரு கை வேணும்க்கா. மத்தியானம் வகுப்புல வந்து உக்காருங்க. சர்டிபிகேட் வாங்கிட்டா அப்புறம் மாப்பைத் தொட வேண்டாம்."

அன்றிலிருந்து காலையில் மாப், மத்தியானம் நோட்டு. எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவள், கப் வைக்கும் இடங்களைத் தலைகீழாக ஒப்பிக்கிற அளவுக்கு வந்துவிட்டாள். பரீட்சைக்கு வெளியிலிருந்து ஒரு அம்மா வருவாராம். அவரவர் கப் வைக்க அவரவரே ஓர் ஆளைக் கூட்டிவர வேண்டுமாம். அங்கேதான் சிக்கல்.

எதிர் அறைக்காரியிடம் கேட்டாள்.

"பிளேடால கீறுவியா? காய் நறுக்கும்போது விரல்ல பட்டாலே எனக்குத் தலை சுத்தும். ஆளை விடு தாயே!"

குழாயடியில் கேட்டாள். சொல்லி வைத்தாற்போல் எல்லோருக்கும் அன்றைக்குத்தான் வேலை இருந்தது. உரிமையோடு ஒரு முதுகைக் கேட்க இந்த ஊரில் தனக்கு ஒருத்தரும் இல்லை என்பது, கேட்கக் கேட்கத்தான் அவளுக்குத் தெரிந்தது. அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

கடைசியில் இரண்டு பஸ் மாறிப் போய்க் காஜாக்காரியைத் தேடிப் பிடித்தாள். கம்பெனியில் இவள் பட்டன் வைக்க, பக்கத்து மிஷினில் பட்டன் துளைக்குக் காஜா எடுத்தவள். இப்போது ஒரு கிடங்கில் நின்றுகொண்டே பெட்டி ஒட்டுகிறாள்.

"முதுகுதானே? எடுத்துக்கோ. எனக்கு அது என்னத்துக்கு, பாக்கக்கூட முடியாது."

"வெறும் வயித்தோட வரணும்டி."

"அதை எனக்குச் சொல்லித் தரணுமாக்கும்!"

இருவரும் சிரித்தார்கள். பெரியக்கா வாய்விட்டுச் சிரித்து மாதக்கணக்காகியிருந்தது.

பரீட்சை அன்று காஜாக்காரி அரை நாள் லீவு சொல்லிவிட்டு, சொன்ன நேரத்துக்கு வந்து நின்றாள். பரீட்சைக்கார அம்மா அவள் விரலில் ஊசியால் குத்தி, ஒரு சொட்டை எடுத்துச் சின்ன மிஷினில் வைத்தார்.

"ஹீமோகுளோபின் ஏழரை. பத்துக்குக் கீழ இருந்தா பிளேடு வைக்கக் கூடாது. இந்தம்மாகிட்ட எடுக்கறதுக்கு என்ன இருக்கு? ஏத்தத்தான் வேணும்."

பெரியக்கா நாக்கைக் கடித்துக்கொண்டாள். நோட்டில் மூன்றாவது பக்கத்தில் அவளே எழுதிய விதிதான். ஆனால் அது வைத்தியத்துக்கு வருகிறவர்களுக்கு என்றுதான் அவள் மனதில் பதிந்திருந்தது. காஜாக்காரியை அந்தக் கணக்கில் சேர்க்க அவளுக்குத் தோன்றவேயில்லை.

"நல்லாத்தாம்மா இருக்கேன். தினம் பத்து மணி நேரம் நிக்கறேனே!" என்று காஜாக்காரி வாதாடினாள். எடுபடவில்லை. "அடுத்த வருஷம் பாக்கலாம்" என்று அந்த அம்மா தாளை ஓரமாக வைத்தார். காஜாக்காரி பெரியக்காவின் கையை ஒரு தடவை அழுத்திவிட்டு, மீதி அரை நாள் வேலைக்கு ஓடினாள்.

அடுத்தது, வகுப்பில் கூடப் படித்த கண்ணாடி போட்ட சின்னப் பெண். காரில் நாத்தனாரைக் கூட்டி வந்திருந்தாள். அந்த நாத்தனார் பிளேடைப் பார்த்தாளோ இல்லையோ, பாத்ரூம் போவதுபோல் எழுந்து கம்பி நீட்டிவிட்டாள். கண்ணாடிக்குப் பின்னால் கண்ணீர் முட்டியது. டீச்சர் சுற்றுமுற்றும் பார்த்தாள்.

"பெரியக்கா, நீங்க காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடலைதானே?"

"இல்ல டீச்சர்." பரீட்சை பயத்தில் டீகூடக் குடிக்காமல் வந்திருந்தாள்.

விரலில் குத்தினார்கள். பதினொன்று.

"கொஞ்சம் படுங்களேன்க்கா. பாவம், சின்னப் பொண்ணு. ஒரு வருஷம் வீணாப் போயிடும்."

யாருடைய வருஷம் என்ற கேள்வி நாக்கு நுனிவரை வந்தது. மேசையில் ஏறிக் குப்புறப் படுத்தாள்.

முகம் வைக்கிற ஓட்டை வழியே தரை மட்டும் தெரிந்தது. பெண் முதுகில் ஒரு கப்பை வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள்.

"பயப்படாத கண்ணு," என்றாள் பெரியக்கா மெதுவாக. "ஆண்டவன் பேரால பிஸ்மி சொல்லி ஆரம்பி. அந்தக் கப் எலும்பு மேல இருக்கு, ஒரு விரல் தள்ளி வை."

பெண் தள்ளி வைத்தாள். பிளேடு எடுத்தாள்.

"அழுத்தாத. மேலால ஓட்டு. ம், அப்படித்தான்."

கடைசிக் கப்பும் நிறைந்தது. பரீட்சைக்கார அம்மா குனிந்து பார்த்தார். "நல்ல கை. இந்த வயசுல இவ்வளவு நிதானமா!" என்று பெண்ணின் தாளில் கையெழுத்துப் போட்டார். பெண் ஓடிப்போய் டீச்சரைக் கட்டிக்கொண்டாள். யாரோ முதுகுக்கு எண்ணெய் தடவி, துணி வைத்து ஒட்டினார்கள்.

"மெதுவா எழுந்திரிங்கக்கா, அவசரம் இல்ல," என்றாள் டீச்சர், அடுத்தவளைக் கூப்பிட வாசலுக்குப் போய்க்கொண்டே. "அடுத்தவங்க வர்றதுக்குள்ள மேசையை மட்டும் துடைச்சிடுங்க."

பெரியக்கா சட்டையைப் போட்டுக்கொண்டு, தலைசுற்றல் அடங்கும்வரை மேசை விளிம்பைப் பிடித்தபடி நின்றாள். பிறகு, பரீட்சைக்கென்று தனக்குக் கொடுத்த கையுறை உறை பிரிக்காமல் இருக்க, அதைக் கிழித்து மாட்டிக்கொண்டாள். தன் ரத்தம் கட்டியாக உறைந்திருந்த நான்கு கப்புகளையும் ஒவ்வொன்றாக எடுத்து மஞ்சள் கழிவு வாளியில் போட்டுவிட்டு, மேசையைத் துடைக்கத் தொடங்கினாள்.