எட்டுக் குளியலறை

முட்டி இரண்டும் துருப்பிடித்த கீல் மாதிரி ஆகிவிட்டன. உட்கார்ந்தால் எழ முடியாது, எழுந்தால் உட்கார முடியாது. முப்பத்தெட்டு வருஷம் குந்தியும் மண்டியிட்டும் அடுத்தவன் வீட்டுத் தரைக்கு டைல்ஸ் பதித்ததற்கு உடம்பு கொடுத்த சன்மானம். அன்று காலை கட்டிலைவிட்டு இறங்கச் சுவரைப் பிடித்தேன். பிடித்த இடத்தில் சுவர் இல்லை. ஒரு சாண் அகலத்துக்குக் குழி. அண்ணன் முந்தின நாள் மத்தியானம் பறித்தது.

அண்ணன் கொத்தனாராகத் தொடங்கி மேஸ்திரியாக ஓய்ந்தவர். இப்போது மறதி நோய். சாப்பிட்டதை மறந்தார், செத்துப்போன மனைவியை மறந்தார், என்னையும் மறந்தார். சுவரைத் தட்டிப் பார்ப்பதை மட்டும் மறக்கவில்லை. விரல் முட்டியால் தட்டுவார், காதை ஒட்டிக் கேட்பார், "பொக்கு" என்பார். கலவை பிடிக்காமல் உள்ளே காலியாக இருந்தால் வரும் சத்தத்துக்கு எங்கள் தொழிலில் அதுதான் பேர். பொக்கு கேட்டுவிட்டால் பறித்தே ஆக வேண்டும் அவருக்கு. உளியை ஒளித்தோம், கரண்டியை எடுத்தார். கரண்டியை ஒளித்தோம், ஜன்னல் கொக்கியைக் கழற்றினார். போன வாரம் அந்தக் கொக்கியால் சுவிட்சுக்குப் பக்கத்தில் தோண்டி, ஒயர் வெளியே தெரிய நின்றுகொண்டிருந்தார். ஓடிப்போய் இழுத்ததில் என் மனைவிக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது.

"மாமாவக் குளிப்பாட்டறேன், துடைக்கிறேன், எல்லாம் செய்யறேன். கரண்ட் அடிச்சு அவரு போயிட்டார்னா அதுக்கும் நான்தான் பதில் சொல்லணுமா?" என்றாள். "வயசானவங்களப் பாத்துக்கற நல்ல எடமா ஒண்ணு பாருங்க. நல்ல எடம்னா நல்ல எடம்."

அண்ணன் மகனுக்குப் போன் போட்டேன். அவன் விமானம் ஏறிப் போக வேண்டிய தூரத்தில் இருக்கிறான். அப்பாவைக் கடைசியாகப் பார்த்து மூன்று வருஷம் ஆகிறது. ஆனாலும் அப்பாவின் நோயைப் பற்றி அவனுக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. எல்லாம் போனில் படித்தது.

"பணத்தப் பத்திக் கவலப்படாதீங்க சித்தப்பா. மூணு எடம் செலக்ட் பண்ணி அனுப்பறேன். ரேட்டிங் எல்லாம் பாத்துட்டேன்."

"படுத்துப் பாத்தியா?"

"என்ன சித்தப்பா?"

"ஒண்ணுமில்ல. அனுப்பு."

அனுப்பினான். மூன்றாவது முகவரியைப் பார்த்ததும் போனை அணைத்துச் சட்டைப்பையில் போட்டேன். மனைவியிடம் இரண்டு இடம் என்று சொன்னேன். அந்த மூன்றாவது கட்டடம் எனக்குத் தெரியும். முன்பு லாட்ஜாக இருந்தது. அதன் பதினாலு குளியலறைக்கும் தரை போட்டவன் நான். அந்தப் பக்கம் போகாமலிருக்க அது போதும்.

மறுநாள் காலையில் வாடகைக் காரில் மூன்று பேரும் கிளம்பினோம். அண்ணன் வழியெல்லாம் கார்க் கதவைத் தட்டிக்கொண்டு வந்தார். ஒரு இடத்தை எடைபோட எனக்குத் தெரிந்தது ஒரே வழி. குளியலறைக்குப் போய்க் கதவோரமாக ஒரு மக் தண்ணீர் ஊற்றுவேன். தண்ணீர் தானாக ஓட்டைக்குப் போனால் வாட்டம் சரி. தேங்கினால் வழுக்கும். வயசானவர்கள் விழுவது குளியலறையில்தான். விளம்பரத்தாளில் போட்டிருக்கும் பூந்தோட்டத்தில் எவரும் விழுவதில்லை.

முதல் இடத்தின் வாசலில் நீரூற்று, கண்ணாடிக் கதவு, மரம் மாதிரி தெரிகிற பிளாஸ்டிக். டை கட்டிய மேனேஜர் ஒருவன் வந்தான். என் கொத்துக் கரண்டிக்கு அவனைவிட வயது அதிகம்.

"வாங்கப்பா, வாங்க வாங்க! இனிமே இதுதான் உங்க வீடு!"

அண்ணன் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "நீ எந்த சைட்டு?"

"சார், அப்பா ரொம்ப க்யூட்டாப் பேசறாங்க!"

ஐம்பது ஆளை ஒரு அதட்டலில் வேலை வாங்கின மனுஷன். க்யூட்டாம்.

"ரூமுக்கு ரூம் கேமரா சார். மகன் அங்கேர்ந்தே எந்நேரமும் பாத்துக்கலாம்."

"விழுந்தா அங்கேர்ந்தே தூக்கிவிடுவானா?"

சிரித்தான். சிரிப்பும் கட்டணத்தில் சேர்த்தி போலிருக்கிறது. பாட்டு தெரபி, தோட்ட தெரபி, நாய்க்குட்டி தெரபி என்று விரல் விட்டு எண்ணினான்.

"குளிப்பாட்ட எத்தன ஆளு?" என்று கேட்டாள் என் மனைவி.

"அது... ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் மாறும் மேடம்."

"குறைஞ்சது எத்தன?"

"நாய்க்குட்டி பாக்கறீங்களா மேடம்?"

நான் குளியலறைக்குள் போனேன். ஒரு டைல்ஸின் விலைக்கு என் வீட்டு அடுப்பங்கரை முழுக்கப் போட்டுவிடலாம், அப்படி மினுமினுத்தது. ஒரு மக் ஊற்றினேன். தண்ணீர் கொஞ்சம் யோசித்தது. பிறகு திரும்பி, கதவு தாண்டி, அறைக்குள் போனது. மேனேஜர் ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டு நின்றான். அண்ணன் பல மாசத்துக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தார்.

"வாட்டத்தக் கட்டிலுக்கு வச்சிருக்கான்டா!"

இரண்டாவது இடம் ஒரு அம்மாள் நடத்துவது. இடுப்பில் பெரிய சாவிக்கொத்து. அவ்வளவு சுத்தம், அவ்வளவு அமைதி. கூடத்தில் பன்னிரண்டு நாற்காலி, பன்னிரண்டு பேர். எதிரில் டிவி ஓடுகிறது, சத்தம் இல்லை. நாங்கள் உள்ளே போனபோது ஒரு தலைகூடத் திரும்பவில்லை. நாற்காலிக் கைகளில் துணிப்பட்டை கட்டியிருந்தது.

"இது எதுக்குங்க?" என்றாள் மனைவி.

"சேஃப்டிக்குமா."

"யாரோட சேஃப்டிக்கு?"

சாவிக்காரம்மாள் காதில் வாங்கவில்லை. குளியலறையைக் காட்டினாள். தண்ணீரை ஊற்றினேன். குழந்தை அம்மாவிடம் போகிற மாதிரி நேராக ஓட்டைக்குப் போனது. முதல்தரமான வேலை. அப்புறம்தான் பார்த்தேன், நான் ஊற்றிய இடம் தவிரத் தரை முழுக்கக் காய்ந்து கிடந்தது. காலை பத்து மணி. பன்னிரண்டு பேர் இருக்கிற வீடு. சோப்பில் வெடிப்பு விட்டிருந்தது. தண்ணீரே பார்க்காத தரைக்கு எவ்வளவு அழகான வாட்டம்!

"இவரு செவுத்தத் தட்டிப் பறிப்பாருங்க," என்றேன்.

"அதெல்லாம் ரெண்டே நாள்ல நின்னுடும். மாத்திர இருக்கு."

மனைவி அண்ணன் கையைப் பிடித்தாள். "வாங்க மாமா, போலாம்." வாசல் தாண்டும்வரை அவள் அந்தக் கையை விடவில்லை.

காரில் உட்கார்ந்ததும் தன் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். "மூணாவது ஒண்ணு இருக்கே. உங்க அண்ணன் மகன் எனக்கும் அனுப்பியிருக்கான். ஏன் மறைச்சீங்க?"

"பழைய கட்டடம்."

"நீங்க மட்டும் நேத்துக் கட்டுனதா? டிரைவர்கிட்ட வழியச் சொல்லுங்க."

சொன்னேன். வழி மறந்திருக்கவில்லை.

பெயின்ட் உரிந்து போயிருந்தது. கேட்டுக்கு வெளியிலேயே சத்தம் கேட்டது. உள்ளே ஒருவர் பாடினார், ஒருவர் அவரைத் திட்டினார், திட்டியவரை இன்னொருவர் திட்டினார். சோப்பு வாசனையும் அதற்கு அடியில் மூத்திர வாசனையும். வராந்தா முழுக்க ஈரக்கால் தடம். நடத்துகிறவர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லாரும் பெரிய சிஸ்டர் என்று கூப்பிட்டார்கள். முழங்கை வரை நுரையோடு வந்தார். என்னையோ என் மனைவியையோ பார்க்காமல் அண்ணன் எதிரில் போய் நின்றார்.

"என்ன வேல பாத்தீங்க?"

"மேஸ்திரி."

"கீழ எத்தன ஆளு?"

"அம்பது."

"இங்க நாங்க மொத்தமே அஞ்சு பேருதான். சமாளிச்சுக்குவீங்களா?"

அண்ணன் யோசித்தார். "பாப்போம்," என்றார்.

சுவர் பறிக்கிற கதையைச் சொன்னோம். "பறிக்கட்டுமே. பின்னால ஒரு இடிஞ்ச மதில் இருக்கு, ஒயர் கியர் ஒண்ணும் கிடையாது. மொட்ட உளி ஒண்ணு குடுத்துடறேன். சாயங்காலம்வரைக்கும் பறிக்கட்டும்," என்றார் சிஸ்டர். மனைவி அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்தது, அவளுக்கு வேறு இடம் பார்க்க வேண்டியதில்லை.

"ஆனா ஒண்ணு. காலியா இருக்கறது ஒம்பதாம் நம்பர் ரூம்தான். ஒண்ணுலேர்ந்து ஆறு வரைக்கும் பாத்ரூம் கல்லு மாதிரி. ஏழுலேர்ந்து பதினாலு வரைக்கும் டைல்ஸ் மாறி மாறி உடையுது. போன மாசம் பன்னெண்டுல ஒரு டீச்சரம்மா விழுந்து இடுப்பெலும்பு போச்சு. எந்தப் படுபாவி போட்டானோ."

படுபாவிக்கு அப்போது இருபத்தாறு வயது. தரைக்கு இவ்வளவு என்று பேசி எடுத்த வேலை. அடியில் கலவையை முழுக்க நிரப்பிப் பதிப்பதுதான் முறை. நான் நாலு மூலைக்கு நாலு உருண்டை, நடுவில் ஒரு உருண்டை வைத்து அமுக்கிவிட்டுப் போனேன். ஒரு நாள் வேலை அரை நாளில் முடிந்தது. மிச்சமான சிமெண்ட் மூட்டையை வெளியே விற்றேன். வருஷம் திரும்புவதற்குள் டைல்ஸ் உடைய ஆரம்பித்தது. லாட்ஜ்காரன் மேஸ்திரியைக் கூப்பிட்டு நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டான். மேஸ்திரி அண்ணன். போட்டது யார் என்று அவர் சொல்லவில்லை. என் வேலைதான், மாற்றித் தருகிறேன் என்றார். கூலியில்லாமல் ஞாயிற்றுக்கிழமை தோறும் போய் ஒவ்வொன்றாகப் பறித்துப் போட்டார். ஆறு முடிந்தது. ஏழாவதுக்குள் லாட்ஜைப் பூட்டிவிட்டார்கள். அந்த ஞாயிறுகளில் ஒன்றுக்குக்கூட நான் போகவில்லை. முதுகு வலி என்று போர்த்திப் படுத்துக்கொண்டேன். சிஸ்டர் இடத்தை எடுத்து ஆள் நடமாடத் தொடங்கிய பிறகு மிச்ச எட்டும் வேலையைக் காட்டிவிட்டன.

காலையிலிருந்து அடுத்தவன் வாட்டத்தைப் பார்த்து மூக்கைச் சுளித்துக்கொண்டு வந்த யோக்கியன் நான்.

"தரை சரியில்லன்னா வேணாம்," என்றேன். "மொத எடத்துலயே விட்டுடலாம். கேமராவாவது இருக்கு."

மனைவி என்னை, புத்தி கெட்டுப் போனவனைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். அதற்குள் அண்ணன் ஒன்பதாம் அறைக் குளியலறைக்குள் போய்விட்டார். என்னைவிட ஒன்பது வயது பெரியவர், சட்டென்று குந்தினார். தட்டினார். பொக்கு. பக்கத்து டைல்ஸ். பொக்கு. முகம் மாறிவிட்டது. ஒரு வருஷமாக நான் பார்க்காத மேஸ்திரி முகம். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். தம்பி என்று தெரியவில்லை.

"இன்ஜினியர் சார், இது நம்ம வேலதான். ஆறு முடிச்சிட்டேன், மிச்சம் எட்டு. ஞாயித்துக்கிழம ஞாயித்துக்கிழம வந்து முடிச்சுத் தர்றேன்."

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"என் தம்பி வந்தான்னா அவன்கிட்ட இதப் பத்திக் கேக்காதீங்க சார். பாவம், அவனுக்கு முதுகு வலி."

கதவில் மனைவி நின்றிருந்தாள். அவளுக்குப் பின்னால் சிஸ்டர்.

"ஏங்க, உங்களுக்கு முதுகு வலின்னு இத்தன வருஷத்துல நான் கேட்டதே இல்லையே," என்றாள் மனைவி.

"இந்தத் தரைங்களப் போட்டது நான்தான்," என்றேன், சிஸ்டரிடம்.

திட்டுவார் என்று பார்த்தேன். அவர் நுரையைத் துடைத்துக்கொண்டார். "நல்லதாப் போச்சு. ஆளத் தேடற வேல மிச்சம். ஒம்பதாவத முடிங்க, மேஸ்திரியச் சேத்துக்கறேன். அப்புறம் மத்தது. எப்ப வர்றீங்க?"

"எனக்கு முட்டி..."

"டீச்சரம்மா பன்னெண்டுலதான் படுத்திருக்காங்க. உங்க முட்டிய அவங்ககிட்ட போய்ச் சொல்றீங்களா?"

அன்று மாலை அண்ணன் மகன் பேசினான். "சித்தப்பா, அங்க கேமரா இல்லியே! நான் எப்படிப் பாக்கறது?"

"டிக்கெட் போட்டு வந்து பாரு."

லைன் சரியில்லை என்றான். ரொம்ப நல்ல லைன்.

அரை நாளில் ஏமாற்றிய தரையை நியாயமாகப் போட எனக்குப் பதினொரு நாள் பிடித்தது. மண்டியிட ஒரு தலையணை, எழுந்திருக்க ஒரு கயிறு. மனைவி தினமும் அண்ணனைக் கூட்டிவந்து விடுவாள். அவர் கவிழ்த்த வாளியில் உட்கார்ந்து, பதித்த ஒவ்வொன்றையும் தட்டினார். இரண்டைப் பறிக்கச் சொன்னார். பறித்தேன்.

"புது ஆளா நீ? கலவைய நெறச்சு வைடா. உருண்ட புடிக்கிற வேலையெல்லாம் இங்க ஆகாது."

"சரிங்க மேஸ்திரி."

"யாருகிட்டடா கத்துக்கிட்ட?"

"உங்ககிட்டதாங்க."

"நான் இப்படியா சொல்லிக் குடுத்தேன்?" என்றார்.

பன்னிரண்டாம் நாள் அவருடைய துணிமூட்டையை ஒன்பதாம் அறைக்குக் கொண்டுபோனோம். ஒரு மக் தண்ணீர் ஊற்றினேன். சரியாகப் போனது. அது நடந்து ஏழு வாரம் ஆகிறது. நான் திரும்ப உளி எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் போய் அவர் மதில் பறிப்பதைப் பார்த்துவிட்டு, பன்னிரண்டாம் அறை வழியாக வராமல் சுற்றிக்கொண்டு வந்துவிடுகிறேன். சிஸ்டர் ஒன்றும் கேட்பதில்லை, முட்டியை மட்டும் பார்க்கிறார்.

ஏழு, எட்டு, பத்து, பதினொன்று, பன்னிரண்டு, பதிமூன்று, பதினாலு. அண்ணன் பேரில் ஏழு குளியலறை நான் இன்னும் போட்டுத் தர வேண்டும்.