சுகுணாவுக்குக் கிடைத்த வேலை

மாரண்டஹள்ளிக்குப் பக்கத்தில் தக்காளித் தோட்டம் வைத்திருக்கும் மாதுவுக்கு இரட்டைப் பிள்ளைகள், சுகுணாவும் அருள்குமாரும். பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பு. தர்மபுரியில் பி.எஸ்சி. கணிதமும் ஒன்றாகத்தான் படித்தார்கள். சுகுணா கணக்குக்காகச் சேர்ந்தாள். அருள், சுகுணா சேர்ந்தாள் என்பதற்காகச் சேர்ந்தான்.

கடைசி வருடம் பெங்களூரிலிருந்து ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி கல்லூரிக்கு ஆள் எடுக்க வந்தது. அருள் அதற்காக ஆறு மாதம் உழைத்திருந்தான். மாட்டுக் கொட்டகையில் நின்றுகொண்டு ஆங்கிலத்தில் தன்னை அறிமுகம் செய்துகொள்ளப் பழகினான். சுகுணாவுக்கு அதில் நாட்டமில்லை. எம்.எஸ்சி. முடித்து ஏதாவது ஒரு கல்லூரியில் கணக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை. தனியாகப் போகப் பயமாக இருக்கிறது என்று அருள் கெஞ்சியதால் துணைக்குப் போய்த் தேர்வு எழுதினாள்.

பட்டியல் ஒட்டியபோது சுகுணாவின் பெயர் இருந்தது. அருள் கடைசிச் சுற்றில் நின்றுவிட்டான்.

இருவரும் வீட்டுக்குப் பஸ் ஏறினார்கள். பாலக்கோட்டில் பஸ் மாறும்போது, "வூட்ல நீயே சொல்லிடு," என்றான் அருள்.

அப்பா மாது சேதியைக் கேட்டு, வேலை யாருக்கு என்று இரண்டு தரம் விசாரித்தார். பிறகு சந்தோஷப்பட்டார். அடுத்த மாதமே சேலத்தில் சுகுணாவுக்கு எம்.எஸ்சி. இடமும் அருளுக்கு எம்.சி.ஏ. இடமும் கிடைத்துவிட, வீட்டில் மூன்று நாள் அதே பேச்சு ஓடியது. யாரும் சத்தம் போடவில்லை. தேடி வந்த வேலையை யாராவது விடுவார்களா என்று கேட்டார் மாது. பையன் சும்மா நின்றால் ஊரில் நாலு பேர் கேட்பார்கள், அவன் படிக்கட்டும் என்றார். இரண்டு பேரும் படிக்கப் போனால் குடும்பம் தாங்காது என்றார். அம்மா சின்னம்மாளுக்கு முழங்கால் வீங்கியிருந்தது. உனக்கு எது தோணுதோ அதைச் செய் கண்ணு என்று மட்டும் சொன்னாள். அதனால் சுகுணாவின் பாரம் ஒன்றும் குறையவில்லை.

அம்மாவால் குனிய முடியாததால் அந்த நாட்களில் விடிவதற்குள் தக்காளி பறிக்கச் சுகுணாதான் போனாள். மூன்றாம் நாள் மத்தியானம் பிளாஸ்டிக் கிரேட்டுகளில் காய் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தபோது அருள் வந்து எதிரில் உட்கார்ந்தான்.

"எனக்கு வேணுங்கறது உனக்குக் கெடச்சிருக்குது. நீ வேணாம்னு உட்டாலும் அது எனக்கு வராது," என்றான்.

"அதுக்கு நான் என்னா பண்ணட்டுங்கற?"

"தெரியல சுகுணா."

அவளுக்கும் தெரியவில்லை. முதுகு வலித்தது. இன்னொரு நாள் இதே பேச்சைக் கேட்க முடியாது என்று தோன்றியது. சாயங்காலம் அப்பாவிடம், வேலைக்கே போகிறேன் என்று சொல்லிவிட்டாள். அது யோசித்து எடுத்த முடிவில்லை. பேச்சு நின்றால் போதும் என்றிருந்தது அவளுக்கு.

பெங்களூரில் ஓர் அறையில் மூன்று பெண்களோடு தங்கினாள். ஆஸ்திரேலியாவில் இருக்கும் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனிக்கான வேலை என்பதால் காலை ஆறு மணிக்கே ஆபீஸில் இருக்க வேண்டும். அங்கே யாருக்காவது கம்ப்யூட்டரில் ஏதாவது ஓடவில்லை என்றால் ஒரு புகார் வரும். அதைப் படித்து, கோளாறைக் கண்டுபிடித்து, பதில் எழுதி முடித்து வைக்க வேண்டும். முடிக்க முடிக்க வந்துகொண்டே இருக்கும். நன்றாகச் செய்கிறாள் என்று பெயர் வாங்கினாள். அவள் சம்பளத்தில் அம்மாவின் முழங்காலுக்கு வைத்தியம் நடந்தது. அதில் அவளுக்கு நிறைவுதான். ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பிடக்கூட எழுந்திருக்காமல் தூங்கினாள். ஊரிலிருந்து கொண்டுவந்த இயற்கணிதப் புத்தகம் பையை விட்டு வெளியே வரவில்லை.

மாசி மாதம் ஒருநாள் அருள் போன் செய்து, ஞாயிற்றுக்கிழமை ஓசூருக்கு வர முடியுமா என்று கேட்டான். போனாள். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே டீக்கடையில் நின்றிருந்தான். வெயிலில் கறுத்திருந்தான். தீபாவளிக்குப் பிறகு கல்லூரிக்கே போகவில்லை என்றான். அதுவரை வைத்த தேர்வு எல்லாவற்றிலும் ஃபெயில். பாலக்கோட்டில் ஒரு தக்காளி மண்டிக்காரரிடம் டெம்போ ஓட்டுகிறான். தினமும் ஓசூருக்குத் தக்காளி லோடு. வீட்டில் அவன் சேலத்து ஹாஸ்டலில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

கோபம் வரவேண்டிய இடம் அது. வரவில்லை. கோபப்படுவதற்கும் உடம்பில் தெம்பு வேண்டுமே என்று நினைத்துக்கொண்டாள்.

"நீ படிச்சிருக்கணும். உன்னையும் போவ உடாம, நானும் படிக்காம கெடுத்துட்டேன்," என்றான் அருள். "இப்ப போய்ச் சேரு. வூட்ட நான் பாத்துக்கறேன்."

சுகுணா டீயைக் குடித்து முடித்தாள். "எனக்கு இன்னும் படிக்கத் தோணுதான்னே தெரியல அருளு. தூங்கணும்னு மட்டுந்தான் தோணுது."

அப்பாவிடம் அவனே சொல்ல வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டாள். அன்றே சொன்னான். மாது இரண்டு வாரம் அவனோடு பேசவில்லை. அப்புறம் ஒருநாள் டெம்போவில் அவன் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து ஓசூர் வரை வந்தார் என்று அம்மா போனில் சொன்னாள்.

சுகுணா அடுத்த ஞாயிறு புத்தகத்தை எடுத்தாள். மூன்றாம் பக்கத்தில் தூங்கிப்போனாள். அடுத்த வாரமும் அப்படியே. சித்திரையில் மூன்று நாள் சேர்ந்தாற்போல் விடுமுறை வந்தது. அறைத் தோழிகள் ஊருக்குப் போய்விட்டார்கள். முதல் நாள் முழுக்கத் தூங்கினாள். மறுநாள் காலை ஒரு தேற்றத்தை எடுத்து உட்கார்ந்தாள். ஒரு படி பிடிபடாமல் நான்கு தாளை அடித்துக் கிழித்தாள். ஐந்தாவது தாளில் அது பிடிபட்டது. நிமிர்ந்து பார்த்தால் மணி இரண்டு. பெரிய சந்தோஷம் என்று இல்லை. அத்தனை நேரமும் களைப்பு என்று ஒன்று இருந்ததே நினைவில் இல்லை.

அந்த வாரமே விண்ணப்பம் போட்டாள். சேலத்தில் மறுபடி இடம் கிடைத்ததும் அப்பாவுக்குப் போன் செய்தாள்.

"வேலைய உட்டுட்டு யாராச்சும் படிக்கப் போவாங்களா?" என்றார் மாது.

"நான் போறேம்ப்பா."

"அப்பறம் வேணும்னா இதே வேலைய திரும்பக் குடுப்பாங்களா?"

"குடுக்க மாட்டாங்க."

தோட்டத்து மோட்டார் ஓடும் சத்தம் போனில் கேட்டுக்கொண்டிருந்தது. "ரொம்ப ஓஞ்சி போயிட்டியா கண்ணு?" என்றார்.

"ஆமாம்ப்பா."

அருள் டெம்போவோடு வந்து சாமான்களை ஏற்றிக்கொள்வான் என்று சொல்லிப் போனை வைத்தார்.

இரண்டு மாதம் இருந்து வேலையை ஒப்படைத்துவிட்டுப் போகச் சொன்னது கம்பெனி. மேலாளரிடம் பேசி ஒரு மாதமாகக் குறைத்துக்கொண்டாள். கடைசி நாள் மதியம் வரை புகார்கள் வந்தன, முடித்துக்கொடுத்துவிட்டுத்தான் எழுந்தாள்.

சேலத்தில் கூடப் படிப்பவர்கள் எல்லாம் அவளைவிட ஒரு வயது சின்னவர்கள். பி.எஸ்சி.யில் படித்ததில் பாதி அவளுக்கு மறந்துபோயிருந்தது. முதல் தேர்வில் நடுத்தரமான மார்க்தான். விடைத்தாளைக் கையில் வாங்கி, தப்பான கணக்கு எது என்று பார்த்தாள். அன்று வகுப்பு முடிந்ததும் நூலகத்தில் உட்கார்ந்து, அதை முதல் வரியிலிருந்து திரும்பப் போட ஆரம்பித்தாள்.