துடைத்த பலகைகள்

சரியா தப்பா என்று இவள் ஏன் வாய் திறந்து சொல்ல மாட்டேன் என்கிறாள்? நானாக இருந்தால் இந்நேரம் திருத்தி முடித்திருப்பேன்.

கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த மேகலாவுக்கு உள்ளூர எரிச்சல். துவாரகாவில் உள்ள அந்தப் பள்ளியில் கணக்குப் பாடத்துக்கு அவள்தான் பொறுப்பு. ரெபேக்காவின் ஐந்தாம் வகுப்பைப் பார்வையிட வந்திருந்தாள். பிள்ளைகள் விடை எழுதித் தூக்கிக் காட்டும் பலகைகளைப் போனில் படமெடுத்து, ஆளுக்கு ஒரு மார்க் போட்டு அனுப்பச் சொல்லியிருந்தார் பிரின்சிபால் ரங்கராஜன்.

0.35, 0.4. எது பெரிது? பலகைகள் எழுந்திருந்தன. பாதிக்கு மேல் 0.35.

ரெபேக்கா ஒரு சுற்றுப் பார்த்தாள். அன்று நடத்த வைத்திருந்த பாடத்தை மூடி ஓரமாக வைத்தாள்.

"சிம்ரன், எப்படி யோசிச்சே?" என்று இந்தியில் கேட்டாள்.

"முப்பத்தஞ்சு பெருசு மேடம். நாலு குட்டி."

"அச்சா! நிறைய பேர் அப்படித்தான் நினைச்சிருக்கீங்க. அளந்து பாத்துடலாம், வா."

ஒரு மீட்டர் ரிப்பனைச் சிம்ரன் பத்தாக மடித்தாள். 0.4-க்கு நாலு மடிப்பு. 0.35-க்கு மூன்றரைதான் வந்தது.

"அரே!" சிரித்துக்கொண்டே பலகையைச் சட்டைக் கையால் துடைத்தாள். யாரும் கேலி செய்யவில்லை.

போன வருஷம் மேகலாவின் வகுப்பில் இதே பெண் பக்கத்து நோட்டைப் பார்த்துத்தான் எழுதுவாள். இன்று தன் தப்பைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தாள். ரெபேக்கா மெல்ல மெல்ல வளர்த்த தைரியம் அது. மார்க் என்று ஒரு சொல் விழுந்தால், நாளைக்கே எல்லாக் கண்ணும் பக்கத்துப் பலகைக்குப் போய்விடும். அப்புறம் எதைப் பார்த்து இவள் பாடத்தை மாற்றுவாள்?

மணி அடித்தது. ரெபேக்கா தயங்கித் தயங்கி வந்தாள்.

"எக்கா, சார் போட்டோ கேட்டாவளாமே? பிள்ளையள திரும்ப எழுதச் சொல்லட்டா?"

"வேண்டாம். எல்லாரும் துடைச்சாச்சு இல்லே, விடு."

வராந்தாவிலேயே ரங்கராஜன் பிடித்துக்கொண்டார்.

"போட்டோ வரலையே மேகலா? போன்ல சார்ஜ் இல்லையா?"

"இருக்கு சார். எடுக்கல."

"சரி, நாளைக்கு எடுத்துடுங்க. பேரண்ட்ஸ் மீட்டிங் வருது, ஜல்தி."

"நாளைக்கும் எடுக்க மாட்டேன் சார்" என்றாள் மேகலா, குரலை உயர்த்தாமல்.